மூக்கனேரிக்கு நான் போட்ட வழி

நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவன் நான். சேலத்தை எனக்கு மேடு பள்ளமாகத்தான் தெரியும். மற்றவர்களுக்கு அஸ்தம்பட்டி ரவுண்டானா என்றால் சிக்னல், பஸ், பள்ளிக்கூடக் கூட்டம். எனக்கு அது ஒரு மட்டம், ஏற்ற இறக்கத்தை அளக்கத் தொடங்குகிற புள்ளி. அங்கிருந்து கன்னங்குறிச்சிப் பக்கம் போனால் ரோடு கண்ணுக்குத் தெரியாமல் ஏறும். டவுன் பக்கம் போனால் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கும். பைக்கில் போகிறவர்களுக்கு இது தெரியாது. சைக்கிள் மிதிக்கிறவன் முழங்காலுக்குத் தெரியும்.

சர்வீஸில் இருந்தவரை இந்த அறிவு சோறு போட்டது. ஓய்வு பெற்ற பிறகு அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய வழியில்லை. போன ஆவணியில்தான் அதற்கு ஒரு வேலை வந்தது. நானும் என் நண்பனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சைக்கிளில் ஊரைச் சாவகாசமாகச் சுற்றிவிட்டு, மூக்கனேரிக் கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு, வீடு திரும்புவது என்று முடிவு செய்தோம். அவ்வளவுதான் திட்டம். இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மூன்று வாரம் நான் வேறு எதையும் நினைக்கவில்லை.

நண்பனுக்குச் சொந்த ஊர் வெண்ணந்தூர். தோட்டம், கிணறு, பங்காளிகள் என்று பெரிய விவசாயக் குடும்பம். நான் சேலம் டவுனிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கன். எங்கள் குடும்பத்துக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அதனால்தானோ என்னவோ பிறத்தியார் நிலத்தை அளக்கப் போனேன். ஒரே ஆபீஸில் எதிரெதிர் மேசையில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். அவன் என்னை மாப்ள என்பான், நானும் அவனை மாப்ள என்பேன். அப்படியென்றால் யார் மாமன் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதற்கு முன்பு ஆனி மாதத்தில் நான் பால் பூத் வாசலில் நின்றபடியே மயங்கி விழுந்தேன். டாக்டர், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் ஆயிற்று. பிரஷர் மாத்திரையின் வீரியம் அதிகமாகிவிட்டதாம், குறைத்துக் கொடுத்திருக்கிறாராம் என்று என் மனைவி சொன்னாள். சரி, ஒரு மாத்திரை செய்த வேலை என்று நானும் விட்டுவிட்டேன். அடுத்த வாரமே பெங்களூரில் இருக்கும் மகள் வந்து, ஸ்கூட்டர் பழசாகிவிட்டது, இனி இதற்குச் செலவு செய்வது தண்டம் என்று பேசிப் பேசி அதை விற்கவைத்தாள். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஸ்கூட்டர் போனதால்தான் பழைய சைக்கிள் ஞாபகமே வந்தது.

ஆக, திட்டம் போட உட்கார்ந்தேன். கிராஃப் தாள் வாங்கினேன். ஐந்தரைக்கு ரவுண்டானாவில் கிளம்ப வேண்டியது. கலெக்டர் ஆபீஸ் வழியாகப் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு இறக்கம். மிதிக்கவே வேண்டாம், பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். செவ்வாய்ப்பேட்டையில் லாரிகள் சரக்கு இறக்கிக்கொண்டிருக்கும் நேரம், அங்கே ஒரு டீ. பிறகு நாலு ரோடு, மரவனேரி என்று மெல்ல ஏறி மறுபடியும் அஸ்தம்பட்டி. அங்கிருந்து கன்னங்குறிச்சி ரோட்டில் கடைசி ஏற்றம், மூக்கனேரி. ஏற்றமெல்லாம் வயிறு காலியாக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும், சாப்பிட்ட பிறகு வீடு வரைக்கும் இறக்கமாகவே இருக்க வேண்டும். இந்த ஒரு நியாயத்தை வைத்துத்தான் முழு வழியையும் போட்டேன். எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

நண்பன் சும்மா தலையாட்டுகிற ஆள் இல்லை. வரைபடத்தைக் கையில் வாங்கி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தான். செவ்வாய்ப்பேட்டையில் டீ வேண்டாம், மரவனேரியில்தான் குடிக்க வேண்டும், டீ குடித்த கையோடு ஏற்றம் மிதித்தால்தான் தெம்பு என்றான். சரி, மாற்றினேன். எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதில்தான் சண்டை வந்தது. நான் கரை மேல் மர நிழலில் என்றேன். அவன் தண்ணீர் ஓரமாகத்தான் உட்கார வேண்டும், ஏரிக்குள் இருக்கும் தீவுகளில் அடையும் கொக்குகளை அங்கிருந்துதான் பார்க்க முடியும் என்றான்.

"கரை மேல உக்காந்தா ரோடு தான் மாப்ள தெரியும். ரோட்டைப் பாக்கறதுக்கா இத்தனை தூரம் போறோம்?"

"கீழ எறங்கறது எறங்கிருவ. அப்பறம் எந்திரிக்கறது யாரு, உன்ற முட்டிக்காலா?"

"என்னை ஏன் இழுக்கற? உனக்கு எறங்க பயம்னு சொல்லு."

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் வந்து, பாதி நேரம் கரை மேல், பாதி நேரம் கீழே என்று சமாதானம் சொன்னான். இட்லி மேலே, காபி கீழே. அறுபது வயதில் இப்படி ஒருவனோடு சண்டை போட்டுச் சமாதானமாக முடிகிறதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவனே என் சைக்கிளைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பிரேக் கட்டை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டுக் கொண்டுவந்தான். தெருமுனை வரை ஓட்டிப் பார்த்து, "ஹேண்டில் கெழக்கால லேசா இழுக்குது" என்று திரும்பவும் கொண்டுபோனான். ஆட்டையாம்பட்டி முறுக்கு ஒரு பொட்டலம் தன் பொறுப்பு என்றான்.

மற்ற சாப்பாடு என் மனைவி பொறுப்பு. பொடி தடவிய இட்லி, தேங்காய்த் துவையல், பிளாஸ்க்கில் காபி. "காபி ஆறிப்போயிருமேங்க, எத்தனை மணிக்கு அங்க போய்ச் சேருவீங்க?" என்று கேட்டாள். ஏழு இருபது என்றேன். "அப்ப நாலரைக்கே எந்திரிக்கோணும்" என்று அலுத்துக்கொண்டாள். அவள் அலுத்துக்கொண்டதுகூட எனக்குப் பிடித்திருந்தது.

ஞாயிறு காலைப் பூசையை விட்டுவிட்டுச் சைக்கிளில் சுற்றினேன் என்று பேர் வரக்கூடாது. அதனால் சனிக்கிழமை மாலைப் பூசையைக் கண்டுவிட்டால் ஞாயிறு கடன் தீர்ந்தது என்று அதையும் திட்டத்தில் சேர்த்திருந்தேன். கிராஃப் தாளின் ஓரத்தில் அதற்கும் ஒரு வரி உண்டு.

வியாழக்கிழமை காலையில் நண்பன் போன் செய்தான். குரல் அடங்கியிருந்தது.

"பெரியப்பா போயிட்டாரு மாப்ள."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் பெரியப்பாவை எனக்கு நன்றாகத் தெரியும். சர்வீஸில் சேர்ந்த புதிதில் வெண்ணந்தூர்ப் பக்கம் அளக்கப் போனபோது, வெயிலில் நின்ற என்னைக் கூப்பிட்டு மோர் கொடுத்துச் சோறும் போட்ட மனிதர். வரப்புத் தகராறில் அவர் பக்கம் தப்பு என்று நான் எழுதிக்கொடுத்த பிறகும், அடுத்த முறை போனபோது சோறு போட்டார்.

"எப்ப?"

"முந்தா நாளு. நேத்தே எடுத்தாச்சு. நான் இங்க வெண்ணந்தூர்ல தான் இருக்கறேன்."

"எடுத்தாச்சா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே?"

"ஒடம்பு சரியில்லாத ஆளு, நீ அலையக் கூடாதுன்னு தான். பதினாறு முடியட்டும். சைக்கிளை அப்பறம் பாத்துக்கலாம் மாப்ள."

எழவுக்குச் சொல்லி அனுப்பாத அளவுக்கு நான் வேண்டாதவனாகிப் போனேனா என்று வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் துக்கத்தில் இருக்கிறவனிடம் கோபப்படுவது என்ன நியாயம்? சைக்கிள் திட்டம் போனதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிறு நிமித்தம் ஒரு நொடி மனம் சுருங்கியதற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளி, துக்கம் கேட்கப் போகக்கூடாத நாள். முப்பது வருஷம் கவுண்டர் வீடுகளில் பழகியவனுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சனிக்கிழமை கிளம்பினேன். மனைவி வாசலில் நின்று மறித்தாள்.

"ஏனுங்க, போன்லயே கேட்டாச்சில்ல? இன்னும் எதுக்கு நேர்ல போறீங்க?"

"எழவை யாராச்சும் போன்ல கேப்பாங்களா? சோறு போட்ட மனுசன்."

"இன்னைக்கு கேஸ் சிலிண்டர் வருது. நான் ஒருத்தியே எப்பிடி?"

சிலிண்டர் வரவில்லை. சாயந்தரம் வரை உட்கார்ந்திருந்தேன். இவளுக்கு ஏன் இந்த மரியாதை தெரியாமல் போயிற்று என்று எரிச்சலாக வந்தது. இவளுடைய அப்பா இறந்தபோது நண்பனின் வீட்டிலிருந்து வேன் பிடித்துக்கொண்டு பதினைந்து பேர் வந்து நின்றார்கள்.

அன்று மாலைப் பூசைக்குப் போனோம். போகும்போதே கோயிலின் பங்கு அலுவலகத்தில் நுழைந்து, அந்தப் பெரியவருக்காக வேண்டும்படி அவர் பெயரில் பூசைக் கருத்து கொடுத்தேன். அவர் இந்து, நாங்கள் கத்தோலிக்கர், அதனால் என்ன? சோற்றுக்கு மதம் உண்டா? என் மனைவி பக்கத்தில்தான் நின்றாள். பெயரை எழுதும்போது எழுத்துக்கூட்டிச் சொன்னதுகூட அவள்தான். பூசையில் சாமியார் அந்தப் பெயரை வாசித்து, அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக மன்றாடுவோம் என்றார். கோயிலே சேர்ந்து, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றது. என் மனைவியும் சொன்னாள். எனக்குக் கண் கலங்கியது. அவள் என் கையை லேசாகத் தொட்டாள்.

ஞாயிறு காலை நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. மூன்று வாரம் பழக்கிவைத்த உடம்பு. படுத்தபடி யோசித்தேன். சைக்கிளுக்கென்று ஒதுக்கிய நாள், அதையே துக்கத்துக்குக் கொடுத்துவிடுவோம். மனைவியிடம் சொன்னால் இன்னொரு சிலிண்டர் வரும். வாக்கிங் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். நானும் பொய்தான் சொன்னேன், அதை மறைக்கவில்லை.

பழைய பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினேன். ஆட்டையாம்பட்டியில் தறிச் சத்தம் அந்நேரத்துக்கே கேட்டது. வெண்ணந்தூரில் இறங்கித் தோட்டத்துக்கு ஒரு மைல் நடை. வழியெல்லாம், என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். துக்க வீட்டில் யாரும் வாங்க என்று கூப்பிட மாட்டார்கள், நாமும் எதுவும் பேசாமல் போய்க் கையை நீட்ட வேண்டும், அவர்கள் தொடுவார்கள், அதுதான் முறை.

தோட்டத்தில் பந்தல் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் இல்லை. அஞ்சு நாளாயிற்றே, எடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். பெரியவரின் மகன் மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தான். நான் தோளிலிருந்து துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்து, தலையைக் குனிந்து, இரண்டு கையையும் நீட்டினேன். அவன் ஒரு கணம் முழித்தான். பிறகு கையை வேட்டியில் துடைத்துவிட்டு என் கையைத் தொட்டான். அவன் மனைவி வெளியே எட்டிப் பார்த்து, "வாங்க வாங்க, உக்காருங்க" என்றாள்.

துக்க வீட்டில் வாங்க என்கிறாளே, இந்தக் காலத்துப் பெண்களுக்கு எதுவும் தெரியவில்லை என்று நினைத்தேன். அப்போது உள்ளே இருந்து ஒரு குரல் வந்தது.

"யாரு சாமி அது? சர்வேயரா?"

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பெரியப்பா காபி குடித்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் மாலைதான் இந்த மனிதருக்காக ஒரு கோயில் நிறைய ஜனங்கள் மன்றாடியிருந்தார்கள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கக்கத்தில் துண்டு, நீட்டிய கை, தொங்கிய முகம். எத்தனை எழவு பார்த்த மனிதர், அவருக்கா தெரியாது?

"ஏஞ் சாமி, எங்காச்சும் எழவுக்குப் போயிட்டு வாரியா?"

"ஆமாங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? உங்கள் எழவுக்குத்தான் வந்தேன் என்றா?

"யாரு?"

"ஆட்டையாம்பட்டிலங்க. கூட வேலை பாத்த ஒருத்தரு. அப்பிடியே உங்களையும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு…"

"எழவூட்டுல இருந்து நேரா வாரியா? தலைக்குத் தண்ணி ஊத்தலியா?"

நான் இதை யோசிக்கவே இல்லை. பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். மருமகள் பட்டென்று இரண்டடி பின்னால் நகர்ந்தாள். மகன் எனக்குக் கை கொடுத்த கையை இன்னொரு தரம் பார்த்தான். அடுத்த கால் மணி நேரத்தில், அறுபது வயதான நான், போர்வெல் பக்கத்துச் சிமெண்டுத் தொட்டியடியில் இரவல் வேட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகன் குடம் குடமாக மொண்டு என் தலையில் ஊற்றினான், அவனும் ஊற்றிக்கொண்டான். சாகாத ஒருவருக்காக, அவர் வீட்டிலேயே, அவர் மேற்பார்வையில் தலை முழுகினேன். "பொடணில ஊத்துடா, பொடணில" என்று என் பின்கழுத்தைக் காட்டிப் பெரியவர் கட்டிலில் இருந்தபடியே சத்தம் போட்டார். வேறு எவனுக்காவது நடந்திருந்தால் வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்திருப்பேன்.

தலையைத் துவட்டியபடியே நண்பனுக்குப் போன் செய்தேன்.

"எங்க இருக்கற மாப்ள?"

"வெண்ணந்தூர்ல தான், பெரியப்பா ஊட்டுல. ஒரே கூட்டம், அப்பறம் பேசட்டா?"

"நானும் பெரியப்பா ஊட்டுல தான் இருக்கறேன். அவரு காபி குடிச்சுட்டு இருக்காரு. குடுக்கட்டுமா?"

அந்தப் பக்கம் ஒரு பிரஷர் குக்கர் விசில் மட்டும் கேட்டது. அஸ்தம்பட்டியில், அவன் வீட்டுக் குக்கர். மூன்று நாளாகத் துக்க வீட்டுக்குப் போனவனாக வேஷம் போட்டு, வாசலுக்குக்கூட வராமல் உள்ளேயே ஒளிந்துகொண்டிருந்திருக்கிறான்.

"மாப்ள, நானாச் செய்யலப்பா. உன்ற ஊட்டுக்காரம்மா தான் வந்து அழுதுச்சு. எப்பிடியாச்சும் நிறுத்துங்கண்ணா, அவரு சைக்கிள்ல ஏறக் கூடாதுன்னு. நேரா வராதன்னு சொன்னா நீ கேப்பியா? எனக்கு வேற ஒண்ணும் வாயில வல்ல."

"ஏன் ஏறக் கூடாது? மாத்திரை தான் மாத்தியாச்சே?"

மறுபடியும் குக்கர்தான் விசில் அடித்தது.

"மாத்திரை இல்லியா மாப்ள?"

"அதைய ஊட்டுல கேட்டுக்கோ."

"உனக்குத் தெரியுமா?"

"…தெரியும்."

"எப்ப இருந்து?"

"ஆனி மாசத்துல இருந்து."

அவன் வாயாலேயே பெரியப்பாவைக் கொன்றதைக்கூட நான் அந்த நிமிஷமே மன்னித்திருப்பேன். கையில் போனைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டேன். ஆனியிலிருந்து தெரியும் என்றால், ஆவணியில் நான் கிராஃப் தாளை விரித்த அன்றே அவனுக்குத் தெரியும், இந்தச் சைக்கிள் கிளம்பப் போவதில்லை என்று. டீயை மரவனேரிக்கு மாற்றியபோது தெரியும். பிரேக் கட்டை மாற்றியபோது தெரியும். தண்ணீர் ஓரமா கரை மேலா என்று என்னோடு மல்லுக்கட்டி, இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பிறகு இட்லி மேலே காபி கீழே என்று சமாதானம் பேசினானே, அப்போதும் தெரியும்.

"அப்பறம் எதுக்குடா எங்கூடச் சண்டை போட்ட?"

"நீ அந்தப் படத்தைப் போடறப்ப உன்ற மூஞ்சி நல்லா இருந்துச்சு மாப்ள. அதைய ஏன் கெடுக்கோணும்னு."

நான் வாழ்க்கையில் யாரையும் அடித்ததில்லை. அன்று அவன் எதிரில் இருந்திருந்தால் அடித்திருப்பேன். குழந்தைக்கு நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுகிற மாதிரி என்னை மூன்று வாரம் வைத்திருந்திருக்கிறான். அந்தச் சண்டை எனக்கு எவ்வளவு சந்தோஷத்தைக் கொடுத்தது என்று நினைக்க நினைக்க உடம்பு எரிந்தது. அது எனக்கு மட்டும்தான் சண்டை.

பெரியவர் வீட்டில் சாப்பிடாமல் விடவில்லை. இலையில் என்ன இருந்தது என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. அவர் பேசிக்கொண்டே இருந்தார். நான் கிளம்பும்போது, "நல்லா இரு சாமி" என்று தலையைத் தொட்டார். அன்று முழுவதும் என்னிடம் பொய் சொல்லாத ஒரே மனிதர் அவர்தான். அவரிடம்தான் நான் பொய் சொல்லியிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு இருக்கும். நண்பன் முன்கூட்டியே போன் செய்துவிட்டான் போலிருக்கிறது. மனைவி சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். வழியெல்லாம் பஸ்ஸில் நான் சேர்த்து வைத்த வார்த்தைகளில் ஒன்றுதான் வந்தது.

"சாமியார் அவரு பேரைப் படிச்சப்ப நீ பதில் சொன்னியே."

அவள் திரும்பினாள். அழுதிருந்தாள்.

"உங்க கிட்டச் சொன்னா கேப்பீங்களா? நீங்க வெறுமனே பேசிட்டு உட்டுருவீங்கன்னு நெனச்சேனுங்க. ஞாயித்துக்கெழமை கிட்ட வர வர எனக்கு ஈரக்கொலை நடுங்குச்சு."

"நான் கேட்டது அதைய இல்ல. உசுரோட இருக்கற மனுசனுக்கு ஆன்ம இளைப்பாற்றி கேட்டமே. நீ பக்கத்துல நின்னு எழுத்துக்கூட்டிப் பேரு சொன்ன. என் கையத் தொட்ட."

"நான் உங்களுக்காகத்தான் வேண்டிக்கிட்டேன்" என்றாள்.

இத்தனை வருஷத்தில் பூசையில் அவள் எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வேறு என்னவெல்லாம் வேண்டிக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது; தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. இப்போது தோன்றியது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் இல்லீங்க. மாத்திரை தான்."

கோயிலில் பதில் சொன்ன அதே குரல். இத்தனை நாள் அந்தக் குரலை நான் உண்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மகளுக்குப் போன் செய்தேன். "அப்பா, அம்மா சொல்றது தான்ப்பா" என்றாள். மருமகனிடம் கொடு என்றேன். அவர் குளிக்கிறார் என்றாள். சரி, எல்லாருக்கும் தெரியும். மருமகனுக்குத் தெரியும், இரண்டு தெரு தள்ளி இருக்கிறவனுக்குத் தெரியும், ஒருவேளை என் ஸ்கூட்டரை வாங்கியவனுக்கும் தெரிந்திருக்கும். உடம்பு என்னுடையது, எனக்கு மட்டும் தெரியாது. ஊரார் நிலத்துக்கெல்லாம் எல்லை காட்டிக் கொடுத்தேன், தகராறு பிடித்தவன் முகத்துக்கு நேரே நின்று உன் நிலம் இவ்வளவுதான் என்று சொன்னேன். ஒருவனும் அதைக் கேட்டுச் செத்துப் போகவில்லை.

எனக்கு வந்திருப்பது என்ன என்று பிறகு, நான்கு பேரிடம் சண்டை போட்டுத் தெரிந்துகொண்டேன். உடனே உயிரை வாங்குகிற வியாதி இல்லை. மயக்கம் மறுபடியும் எப்போது வேண்டுமானாலும் வரலாம், அதனால் சைக்கிள் உட்பட எந்த வண்டியும் ஓட்டக் கூடாது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். இதைச் சொல்லியிருந்தால் சைக்கிளை நானே மூலையில் சாய்த்து வைத்திருப்பேன். இரண்டு பேரும் ஆட்டோவிலாவது மூக்கனேரிக்குப் போயிருப்போம். கரையில் உட்கார்ந்து என் வியாதியைப் பற்றிப் பேசியிருக்கலாம். அவனிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசுவேன்? இப்போது தெருவில் எதிரே வந்தால் அவன் நிற்கிறான், நான் நிற்பதில்லை.

இதெல்லாம் தெரிவதற்கு முன்பு, அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் திங்கட்கிழமை காலை, யாரிடமும் சொல்லாமல் நானே கிளினிக்குக்குப் போனேன். டோக்கன் வாங்கி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்ததும் உள்ளே போய், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, எனக்கு என்ன என்று என்னிடம் சொல்லுங்கள் டாக்டர் என்றேன். அவர் நல்ல மனிதர்தான். என் ஃபைலைத் திறந்து இரண்டு பக்கம் புரட்டினார். பிறகு தலையை நிமிர்த்தி, என்னைத் தாண்டிக் கதவைப் பார்த்தார்.

"கூட யாரு வந்திருக்காங்க?"

"யாரும் வரலீங்க. நான் தான் வந்திருக்கேன்."

அவர் சிரித்தபடி ஃபைலை மூடினார்.

"வீட்டுக்கார அம்மாவை ஒரு நாள் வரச் சொல்லுங்க, அவங்க கிட்டச் சொல்றேன்."